சுமார் என்றால் மூன்று

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமப் போனா நீங்க சரி பண்ணுவீங்களா, இல்ல எழுதிக்கிட்டு மட்டும் போவீங்களா?"

தையல்காரரின் மகள் சின்னவளாக இருந்தபோது, வீட்டுக்கு வந்த தராசுக்காரரிடம் இப்படிக் கேட்டாள்.

தராசுக்காரர் என்பது வீட்டார் வைத்த பெயர். அவர் நெடுநலன் ஆய்வு நிறுவனத்தின் ஆள். ஆண்டுக்கு ஒருமுறை எடை பார்க்கும் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார். தையல்காரரின் மனைவியை அதன்மேல் ஏற்றி இறக்குவார். கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்ப்பார். உப்பு எவ்வளவு, தூக்கம் எவ்வளவு, மனசில் பாரம் ஏதும் உண்டா என்று கேட்டுக்கொண்டு போவார். நோய் யாருக்கு வருகிறது, எதனால் வருகிறது, வந்தபின் அந்த ஆள் என்ன ஆகிறார் என்பதை, ஊரில் சில ஆயிரம் பேரை ஆயுள் முழுக்கப் பின்தொடர்ந்து கண்டுபிடிப்பதுதான் அந்த நிறுவனத்தின் வேலை. பீங்கான் ஆலையின் சீவுக்கூடத்தில் வேலை செய்த பெண்கள் எல்லோரும், தையல்காரரின் மனைவி உட்பட, அந்தச் சில ஆயிரத்தில் அடக்கம். கை கழுவும் தொட்டிகளைச் சூளைக்கு அனுப்புமுன், காய்ந்த களிமண்ணின் பிசிறுகளைத் தகட்டால் சீவி வழவழப்பாக்குவார்கள். சீவச்சீவ வெள்ளைத் தூள் பறக்கும். அந்தத் தூள் கெடுதலா என்பதும் நிறுவனம் கேட்டுக்கொண்ட கேள்விகளில் ஒன்று.

குழந்தையின் கேள்விக்குத் தராசுக்காரர் நிதானமாக யோசித்துப் பதில் சொன்னார்.

"சரி பண்றது வேற இடம்மா. நாங்க பாட்டுக்குச் சரி பண்ணிட்டா, அப்புறம் என்ன ஆகியிருக்கும்னு எப்படித் தெரியும்?"

அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. போகும்போது குழந்தையையும் ஒருமுறை தராசில் ஏற்றி வேடிக்கை காட்டிவிட்டுத்தான் போனார்.

பிறகு நிறுவனம் வளர்ந்தது. ஐந்து மாடிக் கட்டடம் எழும்பியது. கட்டடம் கட்டிய செலவில் தராசுக்காரர்களுக்குச் சம்பளம் இல்லாமல் போனது. அவர்களுக்குப் பதிலாகத் தொலைபேசியில் ஒரு குரல் வர ஆரம்பித்தது.

தையல்காரரின் மனைவி கூடத்துக்குப் போவதை நிறுத்திய வருடம், அவள் மூச்சு மாடிப்படியில் நின்று நின்று ஏறியது. அடுத்த வருடம் படுக்கையிலேயே நின்று நின்று ஏறியது. நுரையீரல் கல்லாகிவிட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். ஒரு மழைநாளில் மூச்சு நின்றேவிட்டது. அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த சில வாரங்களில் அவளுடைய தொலைபேசி மணியடித்தது.

"வணக்கம்," என்றது அந்தக் குரல். கனிவான பெண் குரல். "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? மிக நலம் என்றால் ஒன்றை அழுத்தவும். நலம் என்றால் இரண்டு. சுமார் என்றால் மூன்று. எதையும் அழுத்தாவிட்டால், சென்ற ஆண்டு இருந்தபடியே இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறோம்."

தையல்காரர் நாலை அழுத்திப் பார்த்தார்.

"தவறான பதில்," என்றது குரல், அதே கனிவோடு. "நலமாக இருக்க முயற்சி செய்யவும்."

அவர் மரியாதை தெரிந்தவர். ஒரு பெண் இவ்வளவு அன்பாகக் கேட்கும்போது பதில் சொல்லாமல் வைப்பது சரியாகப் படவில்லை. இருக்கிற மூன்றில் மனைவிக்குப் பொருத்தமானது எது என்று யோசித்து, மூன்றை அழுத்தினார்.

"நன்றி," என்றது குரல். "உங்கள் எடையில் மாற்றமில்லை. உறக்கம் போதுமானது. நாள்தோறும் அரை மணி நேரம் நடக்கிறீர்கள். மனச்சோர்வு இல்லை. இப்படியே தொடருங்கள்."

தையல்காரர் தொலைபேசியைக் கீழே வைக்காமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். கடைசி வருடம் தண்ணீர்ப் பானைவரை நடக்க முடியாமல் கிடந்தவள் அவள். இப்போது எங்கோ நாள்தோறும் அரை மணி நேரம் நடக்கிறாள். எந்தத் தெருவில் நடக்கிறாள் என்று குரல் சொல்லவில்லை. ஆனால் நடக்கிறாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அந்த அழைப்புக்காகக் காத்திருப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. எதையும் அழுத்தாமல் கேட்டுக்கொண்டிருப்பார். எடையில் மாற்றமில்லை. மனச்சோர்வு இல்லை. சில மாலைகளில் தைத்துக்கொண்டிருக்கும்போது தெருவில் நடை சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்ப்பார். இது மூடத்தனம் என்று அவருக்குத் தெரியும். கடவுளிடமும் அதைச் சொல்லியிருக்கிறார். "தப்புன்னா நீங்களே நிறுத்திடுங்க சாமி," என்று. கடவுள் நிறுத்தவில்லை. நிறுவனமும் நிறுத்தவில்லை.

நிறுத்தும்படி செய்தது மகள்தான்.

ஆயத்த ஆடைக் கடைகள் பெருகித் தையல் படுத்துவிட்டதால் அவளும் சீவுக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் தாய் காலத்தில் இல்லாத ஒன்று இப்போது அங்கே உண்டு. மேலேயிருந்து மெல்லிய சாரலாகத் தண்ணீர் தூவும் குழாய். தொழிலாளர்கள் கத்திக் கத்தி வாங்கியது. தூள் பறக்காது, ஈரமாகிக் கீழே விழுந்துவிடும். ஒரு நாள் மாலை அவள் வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்.

"அப்பா, அடுத்த மாசத்துலேர்ந்து தண்ணி கிடையாதாம்."

"ஏன், குழாய் கெட்டுப்போச்சா?"

"ஈரமா இருந்தா தொட்டி காயறதுக்கு லேட் ஆகுதாம். முதலாளி நிறுத்தச் சொல்லிட்டாரு. தூசியால ஒண்ணும் ஆகாதுன்னு ஆராய்ச்சியில கண்டுபிடிச்சிட்டாங்களாம். வெள்ளி விழாவுல அறிவிக்கப் போறாங்க."

"யாரு கண்டுபிடிச்சாங்க?"

"உங்க தராசுக்காரர் ஆபீஸ்தான். அந்தக் கூடத்துல வேலை செஞ்சவங்கதான் ஊரிலேயே நல்லா இருக்காங்களாம். ஒருத்தர்கூடச் சாகலையாம்."

அன்று ஒத்திகைக்காகக் குழாயை நிறுத்தி வைத்திருந்தார்கள். வாசல் வெளிச்சத்தில் நின்ற மகளின் புருவமும் கண்ணிமையும் மாவு பூசியதுபோல வெள்ளையாக இருந்தன. அந்த வாசலில் அதே வெள்ளைப் புருவத்தோடு இன்னொருத்தி நின்றதைத் தையல்காரரின் கண் மறக்கவில்லை.

"முகத்தைக் கழுவிட்டு வாம்மா," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் இறப்புச் சான்றிதழை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நிறுவனத்துக்குப் போனார்.

நெடுநலன் ஆய்வு நிறுவனத்தின் வாசலில் மூன்று வரிசைகள் இருந்தன. ஒன்று 'இருப்பவர்கள்'. இன்னொன்று 'விலகியவர்கள்'. மூன்றாவது 'குடிநீர்'. தையல்காரர் கொஞ்ச நேரம் குடிநீர் வரிசையில் நின்றார். பிறகு 'இருப்பவர்கள்' வரிசைக்குப் போய்ச் சேர்ந்தார்.

"என் மனைவி இறந்துட்டாங்க," என்றார். "அதைப் பதிஞ்சுட்டுப் போகணும்."

கவுன்டரில் இருந்த இளைஞன் பரிவோடு தலையாட்டினான். "அதை அவங்கதான் வந்து சொல்லணும்."

"எப்படிங்க வருவாங்க?"

"அது அவங்க சௌகரியம். ஆனா அவங்க உடம்பைப் பத்தி வேற யாரும் தகவல் தரக்கூடாது. அந்தரங்கம். மூன்றாம் நபர்கிட்ட நாங்க பேசறதே தப்பு."

"நான் மூன்றாம் நபரா? நான் புருஷங்க!"

"ஆய்வுல அவங்க ஒருத்தர், நாங்க ஒருத்தர். நீங்களே எண்ணிப் பாருங்க."

தையல்காரர் எண்ணிப் பார்த்தார். கணக்கு சரியாகத்தான் வந்தது. சான்றிதழை எடுத்து நீட்டினார். இளைஞன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது அரசாங்கத்தோட அபிப்பிராயம். நாங்க தனி அமைப்பு," என்றான். ஆனாலும் பெரியவரின் முகத்தைப் பார்த்து மனமிரங்கி, அவரை மூன்றாவது மாடியில் இருந்த தரக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் அனுப்பி வைத்தான்.

அதிகாரியின் அறை முழுக்கக் கேடயங்கள். அவர் தையல்காரரை உட்காரச் சொன்னார். விவரத்தைக் கேட்டதும் கணினியைத் தட்டினார். அவர் முகம் மலர்ந்தது.

"அட, இவங்களா! பெரியவரே, உங்க வீட்டம்மா எங்க பொக்கிஷம். இங்க பாருங்க. ஆறு வருஷமா ரத்த அழுத்தம் ஒரு புள்ளி நகரல. சர்க்கரை நகரல. ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கல. புகை இல்ல, குடி இல்ல. இப்படி ஓர் ஒழுக்கத்தை நான் உயிரோட இருக்கறவங்ககிட்டப் பார்த்ததே இல்ல."

"அவங்க உயிரோட இல்லைங்க. அதான் சொல்ல வந்தேன்."

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். "எப்பலேர்ந்து?"

"ஆறு வருஷம் ஆச்சு."

"யோசிச்சுச் சொல்லுங்க. ஆறு வருஷத்துக்கு முன்னாடியே போயிட்டாங்கன்னு வெச்சுப்போம். அப்ப இத்தனை வருஷமா 'சுமாரா இருக்கேன்'னு எங்களுக்கு அவங்க சொன்னதெல்லாம் பொய்யா? தங்கமான மனுஷி. போன இடத்துல அவங்க பேரைக் கெடுக்கணுமா?"

மனைவிமேல் இப்படி ஒரு பழி வரும் என்று தையல்காரர் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க," என்று அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "மத்த நாட்டு ஆய்வுல எல்லாம் பத்துக்கு ரெண்டு பேர் தொலைஞ்சு போயிடறாங்க. வீடு மாறிடறாங்க, பதில் சொல்றதில்ல. எங்க ஆய்வுல இதுவரைக்கும் ஒருத்தர்கூடத் தொலைஞ்சதில்ல. பதில் சொல்லாதவங்களோட போன வருஷத்துப் பதிலை எடுத்து இந்த வருஷத்துக்கு வெச்சுடறோம். யாரையும் நாங்க கைவிடறதில்ல பெரியவரே. போயிட்டவங்களைக்கூட."

"அப்ப செத்தவங்கன்னு யாருமே இல்லையா?"

"இருக்காங்க. முறைப்படி வந்து தெரிவிச்சா பதியத் தயாரா இருக்கோம். இருபத்தஞ்சு வருஷத்துல ஒருத்தர்கூட வரல. அதுலேர்ந்து நீங்க என்ன புரிஞ்சுக்கறீங்க?"

தையல்காரர் சான்றிதழை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். அதிகாரி அவர் கையில் ஓர் அழைப்பிதழைத் திணித்தார். சீவுக்கூடத்தில் ஆண்டுதோறும் மாறாமல் இருக்கும் பத்துப் பேருக்கு வெள்ளி விழாவில் பாராட்டு. அதில் அவர் மனைவியும் ஒருத்தி. வர இயலாவிட்டால் குடும்பத்தினர் வரலாம்.

வெளியே நீண்ட நடைக்கூடம். இருபுறமும் மூடிய கதவுகள். எங்கே படிக்கட்டு என்று தெரியாமல் தடுமாறி நடந்தவர் ஓரிடத்தில் கால் ஊன்றி நின்றுவிட்டார். பக்கத்து அறையிலிருந்து அந்தக் குரல் வந்துகொண்டிருந்தது.

"எடையில் மாற்றமில்லை… உறக்கம் போதுமானது…"

ஆறு வருடமாக வருடத்துக்கு ஒருமுறை காதில் கேட்டு, மற்ற நாளெல்லாம் மனதில் கேட்டுக்கொண்டிருந்த குரல். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தார். ஒடுங்கிய அறை. ஒரு கணினி, ஓர் ஒலிவாங்கி. நடுவயதுப் பெண் ஒருத்தி தனியாக உட்கார்ந்து தாளைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தாள். தோளில் ஒரு பழைய சால்வை.

அவரைப் பார்த்ததும் அவள் நிறுத்தினாள். "யாருங்க ஐயா? மூச்சு வாங்குதே. முதல்ல உட்காருங்க." தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் எடுத்துவந்தாள். அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் அவருக்கு மூச்சு வாங்குகிறது என்பதைக் கவனித்த முதல் ஆள் அவள்தான்.

"போன்ல பேசறது நீங்கதானா அம்மா?"

"ஆமாம் ஐயா. என் குரலைப் பதிஞ்சு வெச்சிருக்காங்க. மீதி நேரத்துல பதில் வராதவங்களோட பழைய பதிலை எடுத்துப் புது வருஷத்துல போடறது என் வேலை. வெள்ளி விழாவுக்குப் புதுசாப் பேசித் தரச் சொன்னாங்க."

தையல்காரர் மனைவியின் எண்ணைச் சொன்னார். நிறுவனத்தில் எல்லோருக்கும் எண் மட்டும்தான். அவள் கண்கள் விரிந்தன.

"இவங்களை எனக்குத் தெரியுமே! சீவுக்கூடம். அந்தக் கூடத்துல பாதிப் பேர் எதையும் அழுத்தமாட்டாங்க. சும்மா இருந்துடுவாங்க. ஒரு வருஷம் இவங்க மட்டும் மூணை அழுத்தியிருந்தாங்க. யாரோ ரொம்பப் பொறுமைசாலி, சுமார்னாகூடப் பொய் சொல்லாம சொல்றாங்களேன்னு நெனச்சேன். என்ன ஐயா, அவங்க சௌக்கியமா?"

"மூணை அழுத்தினது நான்தான் அம்மா. அவ அப்பவே போயிட்டா."

அவள் திரும்பிக் கணினியைப் பார்த்தாள். அதில் வரிசை வரிசையாக எண்கள். வருடா வருடம் மாறாத எடை, மாறாத உறக்கம், அரை மணி நேர நடை.

"நான் இவங்களைப் பார்த்துத்தான் நடக்க ஆரம்பிச்சேன்," என்றாள் மெதுவாக. "டாக்டர் என்னை நடக்கச் சொன்னாரு. சோம்பலா இருக்கும். இவங்க இவ்வளவு பேர் தினமும் நடக்கறாங்களே, நாமும் நடப்போம்னு போவேன். கூடவே யாரோ வர்ற மாதிரி இருக்கும்." சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "அப்ப, சும்மா இருக்கற மத்தவங்க எல்லாம்?"

அந்த அறையில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஆனால் அந்த நேரத்தில் இடம் போதாததுபோல இருவருக்கும் தோன்றியது.

பிறகு அவர் மகளைப் பற்றிச் சொன்னார். தண்ணீர்க் குழாயைப் பற்றி, வெள்ளைப் புருவத்தைப் பற்றி. கெஞ்சவில்லை. யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்பதுபோலச் சொன்னார். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"நாலை அழுத்தினேன் அம்மா. தவறுன்னு சொல்லிட்டீங்க."

"சொல்லச் சொன்னாங்க ஐயா." அவள் தலை குனிந்தது. "அந்த யந்திரத்துல ஒன்பது வரைக்கும் இருக்கு. மூணுக்கு மேல எது வந்தாலும் தவறுன்னு நான்தான் பேசி வெச்சிருக்கேன்."

வெளியே வரும்போது படிக்கட்டு வரை கூடவே வந்து வழிகாட்டினாள்.

வெள்ளி விழா நிறுவனத்தின் பெரிய அரங்கில் நடந்தது. மேடையில் பத்து நாற்காலிகள். ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண், ஒரு கேடயம். நாற்காலிகள் காலியாக இருந்தன. கீழே, முதல் வரிசையில் பீங்கான் ஆலை முதலாளியும் ஆய்வுக்குப் பணம் தரும் அமைப்பின் ஆட்களும் இருந்தார்கள். அடுத்த வரிசைகளில் சீவுக்கூடத்துப் பங்கேற்பாளர்களின் குடும்பத்தினர். ஒரு புருஷன், ஒரு மகன், ஒரு தங்கை, கைக்குழந்தையோடு ஒரு மருமகள். தையல்காரர் தமக்குப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவரும் இவரைப் பார்த்தார். இருவரும் ஒரே நேரத்தில் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள்.

நிறுவனத்தின் இயக்குநர் எழுந்தார். வெள்ளைத் தலை, வெள்ளை உடை, கணீரென்ற குரல்.

"இந்தப் பத்து நாற்காலிகளைப் பாருங்கள்," என்றார். "இவர்களுடைய அடக்கத்தைப் பாருங்கள்! பாராட்டு என்றதும் ஓடிவரும் உலகத்தில், இவர்கள் வரவில்லை. குறை சொன்னதில்லை. மருந்து கேட்டதில்லை. ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. என் இருபத்தைந்தாண்டு அனுபவத்தில் சொல்கிறேன், ஆய்வுக்கு இவர்களைப் போன்றவர்கள் கிடைப்பது அரிது. உயிரோடிருப்பவர்களிடம் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. அவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள்."

கைதட்டல்.

"வெள்ளைத் தூசியில் அதிக ஆண்டு வேலை செய்தவர்களே அதிக நலமாக இருக்கிறார்கள். இது நம் விருப்பம் அல்ல, தரவு சொல்கிறது. தூசி நல்லது என்று நான் சொல்லமாட்டேன். விஞ்ஞானி அப்படிச் சொல்லக்கூடாது. கெட்டது என்று சொல்ல ஆதாரம் இல்லை என்று சொல்வேன். ஆலை நண்பர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் பெருந்தன்மை."

ஆலை முதலாளி அமர்ந்தபடியே பெருந்தன்மையாகத் தலையசைத்தார்.

"இப்போது உங்கள் கண்முன்னே இந்த ஆண்டுக்கான விசாரிப்பு நடக்கும். சீவுக்கூடத்துப் பங்கேற்பாளர்கள் அனைவருக்கும் ஒரே நேரத்தில் அழைப்பு போகும். பதில்கள் அந்தத் திரையில் தெரியும். பாருங்கள், ஒரு கோடுகூட அசையாது!"

அவர் பொத்தானை அழுத்தினார்.

அரங்கத்துக்குள் தொலைபேசிகள் அடித்தன. ஒன்று, இன்னொன்று, பிறகு வரிசை வரிசையாக. கைப்பைக்குள், சட்டைப்பைக்குள், குழந்தையின் போர்வைக்குள். இறந்தவர்களின் எண்ணை யாரும் ரத்து செய்யவில்லை. செய்ய யாருக்கும் மனம் வரவில்லை. எல்லா மணியும் ஒருசேர அடித்து, எல்லாம் ஒருசேர நின்றன. எல்லாக் காதிலும் ஒரே குரல்.

"வணக்கம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? மிக நலம் என்றால் ஒன்று. நலம் என்றால் இரண்டு. சுமார் என்றால் மூன்று." குரல் ஒரு கணம் நின்றது. அந்த இடத்தில் அது இதுவரை நின்றதில்லை. "இந்த எண்ணுக்கு உரியவர் இறந்துவிட்டார் என்றால், ஒன்பது."

தையல்காரரின் விரல் ஒன்பதுக்கு மேல் நின்றது. அழுத்தினால் இனி அழைப்பு வராது. எடையில் மாற்றமில்லை என்று சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள். அரை மணி நேரம் நடக்கிறவள் நடப்பதை நிறுத்திவிடுவாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். வாசலில் வெள்ளைப் புருவத்தோடு நின்ற இரண்டு பேரில், ஒருத்தியைத்தான் இனி முகம் கழுவிக்கொண்டு வரச் சொல்ல முடியும்.

"போயிட்டு வாடி," என்று முணுமுணுத்து ஒன்பதை அழுத்தினார்.

"பதிவு செய்யப்பட்டது," என்றது குரல். பிறகு, அதுவரை எந்த வருடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னது. "உங்கள் இழப்புக்கு மிகவும் வருந்துகிறேன்."

பக்கத்தில் இருந்தவர் அழுத்தினார். பின்னால் தங்கை அழுத்தினாள். மருமகள் குழந்தையை மடியில் சாய்த்துவிட்டு அழுத்தினாள். அரங்கம் முழுக்கச் சன்னமாக ஓர் ஒற்றை ஒலி, மழை பிடிக்கும்போது ஓட்டின் மேல் முதல் துளிகள் விழுவதுபோல. திரையில் அசையாமல் கிடந்த கோடுகளுக்கு நடுவில் ஒரு தூண் முளைத்தது. அது வளர்ந்தது. திரையின் விளிம்பைத் தொட்டும் நிற்கவில்லை.

யாரோ ஒருவர் விம்மினார். அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க யாரும் திரும்பவில்லை.

இயக்குநர் திரையைப் பார்த்தபடி நின்றார். முதலாளி எழுந்து வெளியே போனார். பணம் தரும் அமைப்பின் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது இயக்குநரின் முகத்தில் மெல்ல ஓர் ஒளி பரவியது.

"நண்பர்களே!" என்று அவர் தழுதழுத்தார். "இருபத்தைந்து ஆண்டுகள்! விளைவே இல்லாத ஆய்வு என்று எங்களைக் கேலி செய்தார்கள். இதோ, ஒரே நாளில் இத்தனை இறப்புகள்! எந்த நாட்டு ஆய்வுக்கு இந்தப் பாக்கியம் கிடைத்திருக்கிறது? இதைப் புரிந்துகொள்ள இன்னும் இருபத்தைந்து ஆண்டுகள் வேண்டும். நிதியும் வேண்டும்."

கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் சிலர் தட்டினார்கள். பணம் தருபவர்கள் அங்கேயே கூடிப் பேசி நிதியை நீட்டித்தார்கள். மறு ஆய்வு முடியும்வரை சீவுக்கூடத்தில் எதையும் மாற்றக்கூடாது என்று முடிவானது. மாற்றினால் தரவு கெட்டுவிடும். ஆகவே தண்ணீர்க் குழாயை நிறுத்தக்கூடாது. மகளின் மூச்சு, ஒரு தரவைக் காப்பாற்றும் அக்கறையில், தப்பித்தது. கருணை எந்த வாசல் வழியாக வந்தாலும் தையல்காரர் அதை வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்கிறவர் அல்ல. அன்று மாலை கடவுளுக்கு நன்றி சொன்னார். இயக்குநருக்காகவும் ஒரு வேண்டுதல் வைத்தார். அது என்ன என்று நமக்குத் தெரியாது.

ஒன்பதாம் எண்ணை இயக்குநர் தம்முடைய கண்டுபிடிப்பாகவே அறிவித்துவிட்டார். அதனால் அதை விசாரிக்க வழியில்லை. ஆனால் அதற்குப் பின்னால் வந்த வரியை விசாரித்தார்கள். அனுமதியின்றி நிறுவனத்தின் சார்பில் வருந்தியதற்காக, குரலுக்குரியவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். வருத்தம் தெரிவித்தால் பொறுப்பேற்றதாக ஆகிவிடும் என்று சட்டப் பிரிவு கருதியது.

பனிக்காலம் தொடங்கிய வாரத்தில் அவள் தையல்காரரின் கடைக்கு வந்தாள். கையில் ஒரு பழைய கோட்டு.

"வெளியூர்ல ஒரு வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க ஐயா. அங்க குளிர் அதிகமாம். இது எங்கம்மாவோடது. மேல் பொத்தான் ஒண்ணு போயிடுச்சு. நாளைக்குக் காலையில வண்டி. போட்டுத் தர முடியுமா?"

"வேலை போனது என்னாலதானே அம்மா?"

"அட, விடுங்க. ஒரே மாதிரி பேசிப் பேசி எனக்கே அலுத்துடுச்சு." சிரித்தாள். "பொண்ணு எப்படி இருக்கா? ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு," என்றார் தையல்காரர்.

அவள் சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று போய்விட்டாள். தையல்காரர் கோட்டை மேசைமேல் விரித்தார். வெளித்துணி கெட்டியாகத்தான் இருந்தது. உள்ளே திருப்பினால் உள்துணி முழுக்க நைந்து, கக்கத்தில் கிழிந்து, பஞ்சு எட்டிப் பார்த்தது. பொத்தான் போட்டுப் பயனில்லை. காற்று நேராக நெஞ்சுக்குப் போகும்.

மகள் வேலைக்குப் போயிருந்தாள். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத உச்சிப்பொழுது. அவர் எழுந்து கடைக் கதவைச் சாத்தினார். உள்ளறைப் பெட்டியைத் திறந்து அடியிலிருந்து ஒரு துணியை எடுத்தார். இளநீல நிறம், பட்டுப்போல வழுக்கும், ஆனால் கதகதப்பானது. அவர் மனைவி கடைசியாக வாங்கியது. உடம்பு தேறியதும் தைத்துக்கொள்கிறேன் என்று மடிப்புக் கலையாமல் வைத்திருந்தாள். அவரும் கலைக்காமல் வைத்திருந்தார்.

கத்தரிக்கோலை வைக்கும் முன் ஒரு கணம் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு வெட்டினார்.

நைந்த உள்துணியைப் பிரித்தெடுத்து அதையே அச்சாக வைத்து அளந்து, முதுகுக்கு ஒரு துண்டு, முன்பக்கத்துக்கு இரண்டு, கைகளுக்கு இரண்டு என்று எடுத்தார். நெஞ்சுப் பகுதியில் துணியை இரட்டையாக மடித்து வைத்தார். யந்திரத்தில் ஓட்டினால் தடித்துத் தெரியும் என்று முழுவதையும் கையாலேயே தைத்தார். வெளியே ஒரு தையல்கூடத் தெரியவில்லை. கடைசியில் பொத்தானைப் போட்டார்.

வெளிப்பக்கம் திருப்பித் தேய்த்து, முள்தூரிகையால் தூசி தட்டி, ஆணியில் மாட்டினார். பார்க்கிறவர்களுக்குப் பொத்தான் போட்ட பழைய கோட்டுதான் அது. பெட்டியிலிருந்த துணியில் மிஞ்சிய துண்டுகளைப் பெருக்கி எடுத்துச் சுருட்டினார். கதவைத் திறந்து வெயிலை உள்ளே விட்டுவிட்டு, சாயங்காலத்துக்கு வேண்டியதைச் சமைக்கப் போனார்.